மகனுக்கு மாற்று உண்டோ?

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். கண்ணகியின் பின்னே தோன்றிய மதுராபதித் தெய்வம், கோவலன் முற்பிறப்பிலே பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்ற வணிகனை ஒற்றனெனப் பொய்யுரைத்துக் கொல்வித்ததையும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் எடுத்துரைக்கும் இடம். உயர்வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஜப்பானியரின் விஞ்ஞானச் சித்திரத் தொடர்களிலும் இப்படித்தான். இடையிலே பழைய கதை வரும். அதன்பின் முன்பு பார்த்ததெல்லாம் வேறாகத் தோன்றும்" என்றான். வகுப்பு நகைத்தது, நாமும் உடன் நகைத்தோம். எனினும் அவன் வேண்டுகோளைத் தட்ட மனமின்றி, அவ்வகைத் தொடர்களுக்கெல்லாம் மூத்ததென அவன் கூறிய ஒன்றைப் பார்த்தோம். நகைத்தது பிழையென உணர்ந்தோம்.

அத்தோமு என்னும் இயந்திரச் சிறுவனின் கதை அது. 1952 முதல் சிறுவர் இதழொன்றிலே சித்திரக் கதையாக வெளிவந்தது. 1963 ஜனவரி முதலாம் நாள் தொலைக்காட்சித் தொடராகி, 1966 டிசம்பர் 31 வரை 193 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. இதனை ஆக்கியவர் ஒசாமு தெசுகா. மருத்துவம் பயின்றவர்; இளம் பருவத்திலே ஒசாக்கா நகரின் மீது குண்டுமாரி பொழிந்ததைக் கண்ணாற் கண்டவர். புத்தர் பெருமானின் சரிதையையும் 1972 முதல் 1983 வரை சித்திரக் கதையாக வரைந்தவர்.

அத்தோமு நூறாயிரம் குதிரைவலு உடையவன், வானிலே பறப்பவன், தீயோரை அடக்குபவன். இவ்வளவே கதையாயின் அது சிறுவர் விளையாட்டாகவே முடிந்திருக்கும். அதற்கு உயிர் தருவது முன்கதையே. தென்மா என்னும் விஞ்ஞானிக்குத் தோபியோ என்று ஒரே மகன். விபத்திலே அவன் மாண்டான். துயரம் தாங்காத தந்தை, தம் கல்வியையெல்லாம் திரட்டி, மகனின் முகமும் உருவும் கொண்ட இயந்திரச் சிறுவனைப் படைத்தார். சின்னாள் மகிழ்ந்தார். அப்பால் ஒன்றைக் கண்டார்: சிறுவன் வளரவில்லை. இயந்திரம் எங்ஙனம் வளரும்? வளராதவன் தம் மகனாகான் என வெகுண்டு, தாமே படைத்த பிள்ளையைச் சர்க்கஸ் கூட்டத்தாருக்கு விற்றுவிட்டார். ஒச்சாநொமிசு என்னும் மற்றொரு பேராசிரியர் அவனை அங்கிருந்து மீட்டு, இயந்திரத் தாய் தந்தையரையும் அமைத்துக் கொடுத்தார்.

தந்தை ஏமாற்றம் அடைந்தது இயற்கையே எனலாம். ஆயின் பிள்ளை செய்த குற்றம் யாது? தோபியோவாக இருக்கும்படி அவனைப் பணித்தவர் எவரோ, அவரே தோபியோ அல்லன் என்று அவனைத் தள்ளினார். இப்பழங்கதையை அறிந்தபின் அச்சிறுவன் புரியும் ஒவ்வொரு வீரச்செயலும் நெஞ்சை உறுத்துகின்றது. தொடரின் இறுதியிலே உலகைக் காக்கும்பொருட்டு அவன் ஞாயிற்றை நோக்கிப் பறந்து மாய்கின்றான். மனிதன் அல்லன் என்று விற்கப்பட்டவன் மனிதருக்காகத் தன்னைக் கொடுக்கின்றான். சர்க்கஸ் கூடாரத்தை நாம் அறியாதிருப்பின் அது வெறும் வீரம். அறிந்தமையால் அது கண்ணீர்.

இத்தொடரைப் பார்த்து முடித்த வாரத்திலே, எம் மனம் தெகல்தொறுவை நாடிற்று. கண்டி நகரிலிருந்து லேவெல்ல வழியே மகாவலியைக் கடந்து அமுனுகமப் பக்கம் சென்றால் அக்குகைக் கோயிலை அடையலாம். 1747 முதல் 1782 வரை ஆண்ட நாயக்கர் குலத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே எழுந்தது அது. அதன் சுவரிலே வெஸ்ஸந்தர ஜாதகம் நீண்ட பட்டிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. ஒரே மாந்தர் ஒரே பட்டியிலே மீண்டும் மீண்டும் தோன்றக் கதை நகர்கின்றது. தெசுகாவின் குழுவினரும் செலவு கருதிச் சித்திரங்களைச் சுருக்கி, அசையாத முகத்திலே துயரத்தை நிறுத்தினர். காலம் வேறு, கருவி வேறு, கைத்திறன் உறவுடையது.

ஜாதகக் கதைகள் 547. ஒவ்வொன்றிலும் நிகழ்கதை ஒன்று, பழங்கதை ஒன்று. ஈற்றிலே அன்றைய இன்னாரே இன்றைய இன்னார் என்னும் இணைப்பு. அவற்றுள் இறுதியானது வெஸ்ஸந்தர ஜாதகம். கொடையிற் சிறந்த வெஸ்ஸந்தரன், காட்டிலே தன் மக்கள் ஜாலியையும் கண்ஹாஜினாவையும் ஜூஜகன் என்னும் அந்தணனுக்குத் தானமாகக் கொடுக்கின்றான். கொடியாற் கட்டுண்டு, அடியுண்டு செல்கின்றனர் பிள்ளைகள். பின்னர்ப் பாட்டனாகிய அரசன் விலைகொடுத்து மீட்கின்றான். அன்பு குன்றாது கொடுத்தவன் வெஸ்ஸந்தரன். அன்பு வற்றியபின் விற்றவர் தென்மா. வேற்றுமை பெரிது. ஆயினும் இருவர் கதையிலும் அழுதது பிள்ளையே. கொடையைப் புகழும் நாம் அந்த அழுகையைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

அச்சுவரின் முன் நின்றபோது எமக்கு வேறொரு முகம் நினைவிற்கு வந்தது. பல்லாண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற சிறந்த மாணவன் ஒருவன் நோயினால் இறந்தான். அடுத்த ஆண்டு அவன் தம்பி எம் வகுப்பிற்கு வந்தான். அதே நெற்றி, அதே குரல். அண்ணன் அமர்ந்த இடத்திலேயே அவனை அமர்த்தினோம். அன்பினாற் செய்தோம் என்றே அன்று எண்ணினோம். அவன் கட்டுரையைத் திருத்தும்போதெல்லாம், "உன் அண்ணன் இதனை இப்படி எழுதியிருக்க மாட்டான்" என்போம். ஒருநாள் அவன் மெல்ல, "ஐயா, நான் அவர் இல்லை" என்றான். அதன் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. மறு தவணைக்கு அவன் வரவில்லை. நகரிலே கடையொன்றிற் கணக்கெழுதப் போய்விட்டான் என்று கேள்வியுற்றோம்.

தென்மாவைப் பழிக்கும் உரிமை எமக்கில்லை. இறந்த மாணவனின் உருவை உயிருள்ள ஒருவன்மீது ஏற்றி, அது பொருந்தாதபோது முகஞ்சுளித்தவர் நாம்.

விஞ்ஞானக் கதையென்றும் சித்திரத் தொடரென்றும் இளைஞர் கொண்டாடுவனவற்றை எளிதில் ஒதுக்கிவிடுகின்றோம். அவற்றுள்ளே பதர் மிகுதி என்பது மெய். நெல்லும் உண்டு என்பதும் மெய். கட்டுரை காதைக்கு அடுத்த பாடத்தைத் தொடங்குமுன், அம்மாணவனை எழுப்பி, அத்தோமுவின் கதையை வகுப்பிற்குச் சொல்லும்படி கேட்டோம். இம்முறை யாரும் நகைக்கவில்லை. அவன் சொல்லி முடித்ததும் அவனை அவனது சொந்தப் பெயரால் அழைத்து, "நன்று, இரு" என்றோம்.