போரின் கணக்கில் நான் எழுதிய கடன்

எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் பத்துப் பெண்கள் கூடினால், அதில் ஒருவராவது கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "நான் என்ன பாவம் செய்தன், எனக்கேன் இந்தத் தண்டனை?" கணவனை இழந்தவர் கேட்பார். பிள்ளையைத் தேடித் தேடிக் களைத்தவர் கேட்பார். காலை இழந்தவரும் கேட்பார். இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சியை நோக்கி நடந்ததை இவ்விதழின் வாசகிகள் பலருக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தடியில் காலை எடுத்து வைக்க இடமில்லை. மழையும் பெய்தது. என் கணவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு நான் பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பத்துடன் சேர்ந்து நடந்தேன். மீசாலையில் ஒரு பாடசாலை வகுப்பறையை ஐந்து குடும்பங்கள் பகிர்ந்துகொண்டோம். ஐந்தரை மாதங்கள் அக்காவின் அடுப்பில்தான் என் பிள்ளைகளுக்கும் கஞ்சி கொதித்தது.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது சனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி வலிகாமத்துக்குத் திரும்பியது. மற்றப் பகுதி கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போனது. அக்காவின் மூத்த மகன் முன்னரே வன்னியில் இருந்தபடியால் அவர்கள் வன்னிக்கு என்று முடிவெடுத்தார்கள். புறப்படுகிற அன்று அக்கா ஒரு சிறிய துணி முடிச்சை என் கையில் வைத்து அழுத்தினார்.

"பிள்ளை, இதைக் கவனமா வைச்சிரு. பெட்டையின்ரை காப்பு ரண்டும். கடலிலை கொண்டுபோகப் பயமாக் கிடக்கு."

ஒன்றரைப் பவுணில் இரண்டு காப்புகள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சீதனத்துக்கென்று அக்கா சேர்த்து வைத்திருந்த முழுச் சொத்தும் அதுதான்.

ஊருக்குத் திரும்பி மூன்று மாதத்தில் என் சின்னவனுக்கு நெருப்புக்காய்ச்சல். கையில் காசில்லை, கடன் தர ஆளுமில்லை. ஒரு காப்பை ஈடு வைத்தேன். மீட்க முடியாமல் அது அறுதியாய்ப் போய்விட்டது. இதைச் சொல்ல எனக்குப் பெரிய வெட்கமில்லை. பிள்ளை பிழைத்தான்.

மற்றக் காப்பின் கதை அப்படியல்ல. 1998இல் எங்கள் வீட்டில் பட்டினி இல்லை. நிவாரணம் வந்தது. கைத்தையலில் கொஞ்சம் உழைத்தேன். ஆனாலும் சொந்தமாக ஒரு தையல் மெசின் இருந்தால் மதிப்பாக வாழலாம் என்ற ஆசை வந்தது. அக்காவிடமிருந்து நெடுநாளாய்ச் செய்தியில்லை. வன்னியில் நடந்த சண்டைகளைக் கேள்விப்பட்டு, "அவர்கள் இருக்கிறார்களோ என்னவோ" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டபோது என் மனத்தின் ஒரு மூலையில் இருந்த நினைப்பை இன்றைக்கும் எழுதக் கை கூசுகிறது. காப்பை விற்றேன். மெசின் வந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அடுத்த மாதமே அக்கா வந்து என் வாசலில் நின்றார். கட்டிப்பிடித்து அழுதோம். தேத்தண்ணி குடித்த பிறகு மெதுவாக முடிச்சைப் பற்றிக் கேட்டார். "திரும்பி வரேக்கை சனநெருக்கத்துக்குள்ளை பொதி தவறிப்போச்சக்கா" என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. அக்காவும் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. "சரி விடு பிள்ளை, உயிரோடை வந்து சேர்ந்தியள், அது போதும்" என்றார். அவர் இருந்த கதிரைக்குப் பின்னால்தான் மெசின் இருந்தது.

சகோதரிகளே, போர் எங்களிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டது. ஆனால் அன்று எனக்கு அது ஒரு வசதியும் செய்து கொடுத்தது. எதைத் தொலைத்தாலும், எதை உடைத்தாலும், எதை மறைத்தாலும் போரின் தலையில் போட்டுவிடலாம். கேள்வி கேட்க எவரும் வரமாட்டார்கள்.

2009 மே மாதத்துக்குப் பின்னர் அக்கா செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருப்பதாக அறிந்தோம். கணவனும் மூத்த மகனும் இல்லை. 2010இல் மகளோடும் ஒரு பேரப்பிள்ளையோடும் தம் பழைய வளவுக்குத் திரும்பினார். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி மட்டும். பின்னேரங்களில் வேலிக்கு அப்பால் நின்று அவர் சொல்வார்: "நான் எங்கையோ பெரிய பாவம் செய்திருக்கிறன் பிள்ளை. இல்லாட்டி ஆண்டவர் இப்பிடித் தண்டிப்பாரே?"

எனக்கு வீடு இருந்தது. மெசின் இருந்தது. பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருந்தார்கள். யாருடைய கைக்கு எந்தப் பற்றுச்சீட்டு வந்து சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அந்த வருடக் கடைசியில் சங்கக் கூட்டத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சேமிப்புப் பணத்தில் கொஞ்சத்தை ஓர் அங்கத்தவர் தன் செலவுக்கு எடுத்துவிட்டார். "யுத்தத்தாலை வந்த கஷ்டம்" என்று அழுதார். எல்லாரும் இரங்கியபோது நான்தான் எழும்பிச் சத்தம் போட்டேன். "கஷ்டம் எல்லாருக்கும்தான். கணக்கு கணக்குத்தான்." பக்கத்தில் இருந்த அக்கா தலையாட்டினார். "பிள்ளை சரியாத்தான் சொல்லுறாள்."

விவிலியத்தில் தாவீது அரசனின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகவிட்டவன் அவன். அந்தக் கொலையையும் போரின் கணக்கில் எழுதினான் என்பதை நான் பிற்பாடுதான் கவனித்தேன். நாத்தான் இறைவாக்கினர் அவனிடம் போய், ஆடுகள் நிறைய உடைய பணக்காரன் ஓர் ஏழையின் ஒரேயொரு ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைச் சொல்கிறார். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. அந்த மனிதன் நீயே என்கிறார் நாத்தான். எனக்கு இறைவாக்கினர் எவரும் வரவில்லை. அக்காவின் தலையாட்டலே போதுமாயிருந்தது.

2011 தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பதின்மூன்று வருடங்களாக இந்த ஒன்றைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் சொல்லி வந்திருக்கிறேன். அன்று முழுவதையும் சொன்னேன். எங்கள் பாதர் வயதானவர், அவசரப்படாதவர். ஒரு காப்பையும் மற்றக் காப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்றார். உயிர் போகும் அவசரத்தில் வேறு வழியில்லாமல் பிறர் பொருளைப் பயன்படுத்துவது களவாகாது என்பது திருச்சபையின் போதனை. பயமும் நெருக்கடியும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்பதும் போதனைதான். "முதற் காப்பிலை உங்களுக்குக் கடன் இருக்கு, களவு இல்லை. ரண்டாவதிலை ரண்டும் இருக்கு. மூண்டாவதா ஒரு பொய் இருக்கு. அதுக்கு யுத்தம் காரணமில்லை" என்றார்.

மன்னிப்புக் கிடைத்தால் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனவள் நான். பாதர் பாவப்பொறுத்தல் தந்தார். ஆனால், "ஆண்டவர் தன்ரை பங்கை மன்னிச்சிட்டார். காப்பு அக்காவின்ரை" என்றார். 1992இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் வெளியிட்ட மறைக்கல்வி நூலிலும் இதே கருத்தைப் பிறகு வாசித்தேன். மன்னிப்புப் பாவத்தை நீக்கும். பாவம் உண்டாக்கிய சீர்கேடு எல்லாவற்றையும் அது தானாகத் திருத்திவிடாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுக்கொடுக்க வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்றும் கேட்டேன். எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரத்தைப் பாதர் காட்டினார். பிறருக்குத் தீங்கு செய்தவர் அதை அறிக்கையிட்டு, முழுவதையும் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரோ வாங்க உறவினரோ இல்லையென்றால் அது ஆண்டவருக்குச் சேரும். எங்களில் பலர் கொடுக்க வேண்டிய ஆட்கள் இன்று உயிரோடு இல்லை, அல்லது எந்த நாட்டில் என்றே தெரியாது. அவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு வழி வைக்கப்பட்டிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். எரிகோவில் வரிதண்டுவோரின் தலைவனாயிருந்த சக்கேயு நாலு மடங்கு கொடுப்பதாகச் சொன்னான். ஆட்டைத் திருடி விற்றவனுக்குச் சட்டம் விதித்த அளவு அது. நல்லவேளை, பாதர் என்னிடம் நாலு மடங்கு கேட்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சக்கேயு கணக்குத் தீர்த்த பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. இயேசு முதலில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார், கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்று பவுண் இருபத்துநாலு கிராம். ஐந்திலொன்றும் சேர்த்தால் இருபத்தெட்டே முக்கால் கிராமுக்கு மேல். பவுண் விலை நான் விற்ற காலத்திலிருந்து பல மடங்கு ஏறியிருந்தது. என் மகளின் சங்கிலியைக் கழற்றலாமா என்று ஒருநாள் யோசித்தேன். எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரம் என்னைத் தடுத்தது. பெற்றோர் புளித்த திராட்சையைத் தின்ன, பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற கருத்தில் அக்காலத்தில் ஒரு பழமொழி வழங்கியது. இனி அப்படிச் சொல்ல வேண்டாம், அவரவர் செய்கைக்கு அவரவரே பொறுப்பு என்கிறார் ஆண்டவர். அதைக் கேட்டவர்கள் யார் தெரியுமா? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். எசேக்கியேலும் அவர்களோடு இடம்பெயர்ந்தவர்தான். முகாமில் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட சொல் அது. சங்கிலி மகளின் கழுத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

காசு சேருமட்டும் காத்திருக்கவில்லை. பாஸ்காவுக்கு முந்திய கிழமை வேலியைச் சுற்றிப்போய் அக்காவின் திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. கனநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப சொல்லியிருக்கலாமே பிள்ளை. பெடியனுக்கு வருத்தமெண்டா நானே வித்திருப்பன்."

பிறகு எழும்பி உள்ளே போய்விட்டார். ஏழு மாதங்கள் வேலிக்கு அப்பால் குரல் வரவில்லை.

அந்த ஏழு மாதங்களில் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நானும் அக்காவும் கணக்கை மாற்றி எழுதியிருந்தோம். நான் செய்ததைப் போரின் பக்கத்தில் எழுதினேன். போர் செய்ததை அக்கா தன் பக்கத்தில் எழுதினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்துச் சீடர்கள் கேட்டபோதும், அவர் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்கிறார். ஷெல் விழுந்த இடத்தில் நின்றது குற்றமல்ல. ஓடும்போது கை நழுவியது குற்றமல்ல. பிள்ளையைக் கடைக்கு அனுப்பிய நாளில் குண்டு விழுந்தது தாயின் குற்றமல்ல. ஆனால் அதே சீலோவாம் பேச்சில், இறந்தவர்களை விடுவித்த கையோடு இயேசு, கேட்டுக்கொண்டு நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்து மனம் மாறச் சொல்கிறார். அக்காவுக்கு முதற் பாதி. எனக்கு இரண்டாவது பாதி.

அக்கா மீண்டும் பேசத் தொடங்கியபோது இதைத்தான் முதலில் சொன்னேன். "உங்கடை கணக்கிலை ஒண்டும் இல்லையக்கா." அவர் நம்பினாரோ தெரியாது. ஆனால் தண்டனை என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் அதிகம் கேட்கவில்லை.

சீட்டுப் பிடித்தும் பள்ளிச் சீருடை தைத்தும் 2012 நத்தாருக்கு முதற் காப்பைக் கொடுத்தேன். மற்றது 2014இல். ஐந்திலொன்றை அக்கா வாங்க மறுத்தார். பேரப்பிள்ளைக்கு ஒரு மோதிரமும் ஒரு சின்னச் சங்கிலியும் செய்து கொடுத்துக் கணக்கை முடித்தேன்.

ஆனால் முடியாத கணக்கும் ஒன்று உண்டு. இரண்டாவது காப்பைக் கொடுத்த அன்று அக்காவின் மகள் முற்றத்தில் நின்றாள். காப்பைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"முள்ளிவாய்க்காலிலை சனம் அரிசிக்கு நகை குடுத்தது. எங்களிட்டைக் குடுக்க ஒண்டும் இருக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பட்டினியை நான் உண்டாக்கவில்லை. அவளின் கையில் காப்பு இல்லாமற்போனது என்னால். இந்த இரண்டையும் பிரித்தறியும் அளவுக்கு இப்போது எனக்குத் தெளிவு உண்டு. ஆனாலும் அந்த நாட்களின் அரிசியை எந்தக் கிராம் கணக்கிலும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைப் பாதரிடமும் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் என்னோடு சேர்ந்து செபித்தார்.

மகள் அதற்குப் பிறகு என்னோடு பேசியதில்லை. அவள் பிள்ளையின் பள்ளிக்கூடச் சீருடையை அந்த மெசினில்தான் தைத்து வந்தேன். துணியை அக்கா கொண்டுவருவார். தையற்கூலியை மகள் சதம் குறையாமல் எண்ணி ஒரு கடதாசியில் சுற்றி அக்காவின் கையில் அனுப்பிவிடுவாள். நானும் அதை எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைப்பேன்.