எந்த நாட்டு லொறி நின்று பிடிக்கும்? உடுப்பிட்டியில் இருந்து ஒரு கணக்கு

வெளிநாட்டில் உள்ள அண்ணன் ஊரில் இருக்கும் தம்பிக்குத் தொழிலுக்காக லொறி ஒன்று எடுத்துக் கொடுக்க முன்வந்தால், முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். யப்பான் லொறியா, இந்திய லொறியா, இப்போது வரும் சீன லொறியா, எது நின்று பிடிக்கும்? உடுப்பிட்டியிலோ நெல்லியடியிலோ எந்தக் கராஜில் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். வெளிநாட்டில் பார ஊர்தி ஓட்டும் எம்மவரைக் கேட்டால் அவர்கள் வொல்வோ என்பார்கள், ஸ்கானியா என்பார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமது நாட்டு வீதியையும் தமது நாட்டுச் செலவையும் வைத்துப் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு வெளிப்படையாகக் கிடைக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தின் வருடாந்த அறிக்கைப்படி, 2023 இல் பார ஊர்தியொன்றை ஒரு மைல் ஓட்ட ஏற்பட்ட சராசரிச் செலவு 2.27 டொலர். இதில் சாரதியின் சம்பளமும் ஏனைய கொடுப்பனவுகளும் மட்டும் 97 சதம் வரை. எரிபொருள் 55 சதம், வண்டிக்கான தவணை 36 சதம். திருத்தவேலையும் பராமரிப்பும் 20 சதம் அளவில்தான். ஆகவே அங்கே வண்டி பழுதாகி நின்றால் உரிமையாளருக்கு வலிப்பது திருத்தும் செலவு அல்ல, வேலையின்றி நிற்கும் சாரதியின் சம்பளமும் ஓடாத நாளுக்கும் கட்ட வேண்டிய தவணையும்தான். அதனால்தான் பெரிய கொம்பனிகள் வண்டி கிழடாகும் முன்பே அதைக் கைமாற்றிவிடுகின்றன.

ஐரோப்பாவில் சட்டம் இன்னும் இறுக்கம். சாரதி ஒருவர் நாளொன்றுக்கு 9 மணித்தியாலம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். சுவிஸில் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணிவரை பார ஊர்திகளுக்குத் தடை. ஜேர்மனியில் 2005 முதல் ஓடும் தூரத்துக்கேற்ப வீதிக் கட்டணம். நல்ல நெடுஞ்சாலை, ஒரே சீரான வேகம், கந்தகம் மிகக் குறைந்த டீசல், தவறாத சேர்விஸ் என்று இத்தனையும் கிடைக்கும் இயந்திரம் 10 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவது அங்கே அதிசயமல்ல. அதே வண்டியை இங்கே கொண்டுவந்தால் இடப்பக்க ஸ்டியரிங் முதல் தடை. அதைத் தாண்டினாலும், புகை வடிகட்டியும் இரசாயனத் திரவமும் கொண்ட புதிய ஐரோப்பிய இயந்திரத்துக்கு எமது சாதாரண ஓட்டோ டீசல் ஒத்துவராது. அதிலுள்ள கந்தகம் வடிகட்டியை அடைத்துக் கெடுத்துவிடும்.

யப்பான் வண்டிகள் எமக்கு வந்து சேர்ந்த கதை வேறு. அங்கே லொறிகளுக்கு வருடாந்தம் கட்டாயப் பரிசோதனை உண்டு. வண்டி பழசாகப் பழசாக அதில் தேறுவதற்கான செலவு ஏறும். போதாததற்கு 2003 ஒக்டோபரில் தோக்கியோவும் அயல் மாகாணங்களும் புகை அளவு தவறிய பழைய டீசல் வண்டிகளைத் தமது வீதிகளில் ஓடவிடாமல் தடுத்தன. இப்படி, ஓடும் நிலையில் இருந்தும் ஓட அனுமதி இழந்த வண்டிகள் ஏராளமாக வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தன. எமது ஆட்கள் 'றீகண்டிஷன்' என்று வாங்கிய எல்ஃப், கன்ரர் பலவற்றில் இன்னும் பாதி ஆயுளாவது மிச்சம் இருந்தது. யப்பான் லொறிக்கு இங்கே கிடைத்த நல்ல பெயரில் அந்த நாட்டுச் சட்டத்துக்கும் பங்குண்டு.

இந்திய லொறியைக் குறைத்துப் பேசுவது எம்மிடையே ஒரு பழக்கம். சத்தம், அதிர்வு, வசதியற்ற ஆசனம் எல்லாம் உண்மைதான். ஆனால் லங்கா அசோக் லேலண்ட் 1982 இலிருந்து இந்த நாட்டில் இயங்குகிறது. ராட்டாவின் சிறிய வண்டியைப் 'பட்டா' என்று பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அது எமது ஒழுங்கைகளுக்குள் புகுந்துவிட்டது. உதிரிப்பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதிதாகவும் கிடைக்கும், கழற்றியதாகவும் கிடைக்கும். மாலையில் சொல்லிவிட்டால் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், காலையில் கையில் இருக்கும். அபூர்வமான ஒரு வண்டிக்கு மூன்று வாரம் பாகம் தேடி அலைபவருக்குத்தான் இதன் பெறுமதி தெரியும்.

எமது மெக்கானிக்குகளின் கைத்திறன் எங்கே வளர்ந்தது என்பதை மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்கு எட்டாப் பொருளாகின. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. டீசல் வண்டிகளுக்கும் மண்ணெண்ணெய்தான். டீசலில் இயல்பாக உள்ள வழுக்கும் தன்மை மண்ணெண்ணெயில் குறைவு. அதனால் எரிபொருளைப் பம்பும் பகுதி தேயும். தேய்மானத்தைக் குறைக்க வேறு எண்ணெய் கலந்தார்கள், தேய்ந்ததைப் பட்டறையில் கடைந்து பொருத்தினார்கள். அந்தக் காலத்து இயந்திரத்தில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் இரும்பு, ஆகவே அது சாத்தியமாயிற்று.

இன்றைய 'கொமன் ரெயில்' இயந்திரம் அப்படியல்ல. அதில் எரிபொருள் 1,600 பார், அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியே, கணினி சொல்லும் கணத்தில் பீச்சப்படுகிறது. எரிபொருள் மிச்சம், புகை குறைவு. ஆனால் கலப்பட எண்ணெயை அது மன்னிக்காது. 2022 நெருக்கடியில் இது தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் ஜூன் முடிவில் 460 ஆனது. மண்ணெண்ணெயோ ஓகஸ்ட் வரை 87 ரூபா. அந்த விலை வித்தியாசத்தைக் கண்டு கலந்து ஓடியவர்களில் பழைய பம்ப் வண்டிக்காரர் பலர் தப்பினர். புதிய வண்டியில் கலந்தவர்கள் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக இஞ்செக்டருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஆறு மாதத்தை ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம். உடுப்பிட்டியில் இருந்து கொழும்புக்குப் போய்வர ஏறக்குறைய 800 கிலோமீற்றர். பாரத்தோடு லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறி என்று வைத்தால் 200 லீற்றர் டீசல். ஜனவரியில் 24,200 ரூபா. ஜூன் முடிவில் 92,000 ரூபா. வடமராட்சி வெங்காயம் அறுவடையாகும் காலத்தில் தெற்கே போகப் பாரம் கிடைக்கும். மற்றக் காலங்களில் அரிசி, சீமெந்து ஏற்றிவர வெறும் வண்டியாகவே இறங்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் முதலிடம் சாரதிக்கு, எமது கணக்கில் டீசலுக்கு. திரும்பும் பாரம் இல்லாதவருக்கு எந்த நாட்டு லொறியும் இலாபம் தராது.

வேறெந்த நாட்டுக் கணக்கேட்டிலும் இல்லாத ஒரு வரியும் எம்மிடம் உண்டு. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது கடன்பட்டு லொறி எடுத்தவர்கள் 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடப்பட்டதும் கைகட்டி நின்றார்கள். வன்னியில் இருந்தவர்கள் சனத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோன லொறிகள் அங்கேயே எரிந்தும் உக்கியும் போயின. சாதாரண மோட்டார் காப்புறுதி யுத்த சேதத்தை ஏற்காது. ஒரு தலைமுறையின் முதலீடு அப்படியே போயிற்று. பிறகு தொழிலுக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலானோர் சேமிப்பில் திரும்பவில்லை, லீசிங்கில் திரும்பினார்கள்.

ஆகவே ஒற்றை லொறியோடு தொழில் தொடங்குபவருக்கு, தவணையில் எடுக்கும் புது வண்டியைவிட, முழுப் பணமும் கட்டி வாங்கும் பழைய பம்ப் வண்டி பாதுகாப்பானது என்பது என் எண்ணம். அது எல்ஃப் ஆனாலும் லேலண்ட் ஆனாலும் சரி. மாதம் முழுவதும் நிச்சயமான பாரம் கையில் உள்ளவர் புது இந்திய வண்டிக்குப் போகலாம். சீன வண்டி என்றால், விலையைப் பார்க்குமுன் அதன் கியர் பொக்ஸுக்கும் கிளட்சுக்கும் பாகம் யாழ்ப்பாணத்தில் எவரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதிக் கொம்பனியின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். கரையோரத்தில் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேசிஸை உள்ளிருந்து அரித்திருக்கும், மேலே புதுப் பெயின்ற் பளபளக்கும். கூடவே மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச்சென்று, பாரம் ஏறும் இடத்தின் கீழே சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.