அம்மம்மா சொல்லாத பாதி: சாலி மோர்கனின் ‘மை பிளேஸ்’

இரு பண்பாடுகளுக்கிடையே வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. அமெரிக்காவிலே சீனப் பெற்றோருக்குப் பிறந்த மக்ஸின் ஹொங் கிங்ஸ்டன் 1976இல் வெளியிட்ட ‘த வுமன் வொரியர்’, இங்கிலாந்தில் ஹனிஃப் குரேஷி 1990இல் வெளியிட்ட ‘த புத்தா ஒஃவ் சபேர்பியா’ ஆகியவை நேயர்கள் பலர் அறிந்தவை. இந்நூல்களில் வரும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பண்பாடு, வெளியே இன்னொன்று. இரண்டும் கண்முன்னே இருக்கின்றன. எதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதுதான் அங்கு சிக்கல்.

இன்று நான் அறிமுகப்படுத்த விரும்பும் நூலில் வரும் சிறுமிக்கு அந்தச் சிக்கல்கூட வாய்க்கவில்லை. அவளது பண்பாடுகளில் ஒன்று அவளுக்கே தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது. மறைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்ற தாயும், வளர்த்த அம்மம்மாவுந்தான்.

‘மை பிளேஸ்’ (என் இடம்) என்ற இந்தத் தன்வரலாறு 1987ஆம் ஆண்டு வெளியாகியது. ஆசிரியை சாலி மோர்கன் 1951இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகரான பேர்த்தில் பிறந்தவர், ஓவியருங்கூட. அவருடைய தந்தை வெள்ளையர். இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்து, உடலும் உள்ளமும் நலிந்து திரும்பியவர். அவர் இறந்த பின்னர் ஐந்து பிள்ளைகளையும் தாய் கிளாடிஸும் அம்மம்மா டெய்சியும் வளர்த்தெடுத்தனர்.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சாலியிடம் கேட்டார்கள்: நீங்கள் எந்த நாட்டவர்? வீட்டுக்கு வந்து சாலி தாயிடம் கேட்டாள். இந்தியர் என்று சொல்லும்படி தாய் கூறினார். பள்ளிப் பிள்ளைகளும் அதனை ஏற்றுக்கொண்டனர். நம்மவர்கள் இவ்விடத்தில் சற்றே புன்னகைக்கலாம். ஆனால் விஷயம் புன்னகைக்குரியதன்று. கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால் வகுப்பில் இருக்கலாம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்களின் பெயரைச் சொன்னால் இருக்க முடியாது என்பதே அதன் பொருள்.

சாலிக்குப் பதினைந்து வயதளவில் ஒருநாள், அம்மம்மா மேசையருகே அமர்ந்து அழுவதைக் காண்கிறாள். தன் கையை உயர்த்திக் காட்டி, தான் கறுப்பு என்று அவர் கதறுகிறார். அதுவரை அம்மம்மாவின் நிறத்தை அவள் கவனித்ததே இல்லை! தங்கை ஜில்லுக்கோ அது முன்பே விளங்கியிருந்தது. அம்மம்மா அவுஸ்திரேலிய ஆதிக்குடியைச் சேர்ந்தவர்.

ஏன் மறைத்தார்கள்? இதனை வெறும் வெட்கம் என்று கொண்டால் நூலைத் தவறாகப் படித்தவர்களாவோம். மேற்கு அவுஸ்திரேலியாவில் 1905ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்படி, ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கும் கலப்பினப் பிள்ளைகளுக்கும் 16 வயதுவரை சட்டபூர்வமான பாதுகாவலர் பெற்றோர் அல்லர். ‘தலைமைப் பாதுகாவலர்’ எனப்பட்ட அரசாங்க உத்தியோகத்தரே. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தாய்மாரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, விடுதிகளிலும் மிஷன்களிலும் விடப்பட்டனர். இதனை நாடு முழுவதற்குமாக விசாரித்த அறிக்கை 1997இல்தான் வெளிவந்தது. பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2008 பெப்ரவரியில். சாலியின் நூல் இவ்விரண்டுக்கும் முந்தியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

டெய்சி பிறந்தது வடக்கே பில்பாரா பிரதேசத்திலுள்ள கொருன்னா டவுன்ஸ் என்ற கால்நடைப் பண்ணையில். படிக்க வைப்பதாகக் கூறியே தம்மைத் தெற்கே கொண்டுவந்தனர் என்கிறார் அவர். வந்த இடத்தில் கிடைத்தது வீட்டு வேலை. பின்பு அவர் பெற்ற மகள் கிளாடிஸ் மூன்று வயதளவில் சிறுவர் விடுதிக்கு அனுப்பப்பட்டாள். பிறர் பிள்ளைகளைப் பராமரித்த தாய்க்குத் தன் பிள்ளையை விடுமுறையில் மட்டுமே காணக்கிடைத்தது. பிற்காலத்தில், கணவனை இழந்த கிளாடிஸின் வீட்டைச் சமூகநல உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்வையிட்டுச் சென்றார். அதன்பின்னரே, பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வதே இல்லை என்று தாயும் மகளும் உறுதிகொண்டனர். பொய் சொன்னது பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

காப்பாற்றியதற்கு ஒரு விலையும் இருந்தது. பல்கலைக்கழகம் சென்ற சாலி, ஆதிக்குடி மாணவர்க்குரிய புலமைப்பரிசில் பெற்றார். பொய் கூறிப் பெற்றதாக யாரோ முறையிட, திணைக்களம் அவரை அழைத்து விசாரித்தது. அவர் பதில் சொல்லித் தப்பினார். வெளியே வந்த பின்னர்தான் உண்மையான கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த மக்களின் மொழி தெரியாது, கதைகள் தெரியாது, உறவினர் எவரென்றும் தெரியாது. பின் எந்த உரிமையில் அந்தப் பெயரைத் தாங்குவது? எனது அபிப்பிராயத்தில் இதுவே நூலின் மையம். அடையாளம் என்பது இரத்தத்தோடு தானாக வந்துவிடும் ஒன்றாக இங்கே காட்டப்படவில்லை. அலைந்து, கேட்டு, அவமானப்பட்டுத் தேடவேண்டியதாகவே இருக்கிறது.

தேடலில் முதலில் வாய் திறந்தவர் டெய்சியின் சகோதரர் ஆர்தர். சிறுவயதில் மிஷனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து தப்பியோடி, கடைசியில் சொந்தமாகப் பண்ணை நடத்தியவர். தம் கதை எழுதப்படவேண்டும் என்று அவர் விரும்பினார். சாலி அதனை ஒலிப்பதிவு செய்து எழுதினார். பின் தாயின் கதை, இறுதியாக அம்மம்மாவின் கதை. மூன்றும் அவரவர் குரலிலேயே நூலில் இடம்பெறுகின்றன. இலக்கண சுத்தமான ஆங்கிலமாக அவை திருத்தப்படவில்லை. அறுபதுகளில் நம் நாட்டில் பேச்சுவழக்கை ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தோரும் அதனை ஆதரித்தோரும் மோதிக்கொண்டது வாசகர்க்கு நினைவிருக்கலாம். ஆர்தரின் பகுதியைப் படிப்போர் அந்த வாதத்தில் எப்பக்கம் நிற்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இடையே ஒரு வடதிசைப் பயணம். சாலியும் தாயும் பில்பாரா சென்று முதியவர்களைச் சந்திக்கின்றனர். அந்தச் சமூகத்தின் உறவுப் பிரிவுகளில் தாங்கள் எதிற் சேர்வர் என்பதை அம் முதியவர்களே சொல்லிக்கொடுக்கின்றனர். வெளிறிய நிறத்தோடு பிறந்த பலர் தம்மை மறந்தே போய்விட, இவர்கள் தேடி வந்தது அவர்களுக்குப் பெரிதாய்ப் படுகிறது. நூலில் மிகுந்த நெகிழ்ச்சி தரும் பகுதி இது. சாலியைவிட அவர் தாயே இங்கு அதிகம் மாறுகிறார்.

வெளியான மறு ஆண்டு, வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு. நாடே தன் வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளை. நூல் இலட்சக்கணக்கில் விற்றது. கண்டனங்களும் எழுந்தன. பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நூலின் சில கூற்றுக்களை மறுத்தார். அதைவிடக் கூர்மையானது, ஆதிக்குடி வரலாற்றாசிரியை ஜக்கி ஹகின்ஸ் கூறிய குறை. வெள்ளை வாசகர் மனச்சங்கடமின்றி ஏற்கத்தக்க விதத்தில் நூல் எழுதப்பட்டுள்ளது என்ற கருத்துப்பட அவர் எழுதினார். ஒருவகைத் துப்பறியும் கதைபோல் நூல் விறுவிறுப்பாகச் செல்வதை நோக்கும்போது, அக்குறையில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. எனினும், துப்பறியும் கதையில் இறுதியில் எல்லாம் வெளியாகிவிடும். இங்கே அப்படி இல்லை.

டெய்சியின் தந்தை யார், கிளாடிஸின் தந்தை யார் என்ற கேள்விகளைச் சாலி விடாமல் கேட்கிறார். ஆர்தர் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். டெய்சி சிலவற்றைச் சொல்கிறார். சிலவற்றைத் தம்மோடு கொண்டு போவதாகக் கூறி வாய்மூடிவிடுகிறார். நூல் அச்சேறுமுன்னரே, 1983இல், அவர் காலமானார்.

அவருடைய பகுதியைப் படித்து முடித்ததும் நான் நூலின் முற்பகுதிக்குத் திரும்பினேன். அங்கே பேர்த்திமாரின் சிநேகிதர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். டெய்சி அவர்கள் கண்ணிற் படாமல் உள்ளே போய்விடுகிறார். முதல் வாசிப்பில், வயோதிபரின் விநோத குணம் என்று எண்ணித் தாண்டிச் சென்ற இடம் அது.