வேலை தர மறுத்த அரண்மனை... 'கண்ணீர்' இசையால் ஐரோப்பாவைக் கவர்ந்த ஜான் டௌலண்ட்!

1594-ம் ஆண்டு. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் அரண்மனையில் லூட் வாசிப்பவருக்கான இடம் ஒன்று காலியானது. முப்பதைக் கடந்திருந்த ஜான் டௌலண்ட் அதற்கு முயன்றார். கிடைக்கவில்லை. தான் கத்தோலிக்கராக மாறியதுதான் காரணம் என நம்பினார். ஆனால், வில்லியம் பேர்ட் என்ற கத்தோலிக்க இசைக்கலைஞர் அதே அரண்மனையில் செல்வாக்கோடுதான் இருந்தார்!

அதென்ன லூட்? பேரிக்காயைப் பாதியாக வெட்டியதுபோல முதுகு உப்பிய நரம்புக் கருவி. அரேபியர்களின் 'ஊது' கருவியிலிருந்து வந்தது, பெயரும் அங்கிருந்துதான். ஆட்டுக்குடலில் செய்த நரம்புகள், பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கட்டப்பட்டிருக்கும். மெட்டுகளும் குடல் நரம்பால் சுற்றிக் கட்டப்பட்டவையே. தாழ்ந்த ஒலி, அதுவும் சட்டென அடங்கிவிடும். பெரிய மண்டபத்துக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வாத்தியம் இது.

அரண்மனை என்றால் நடனம் இல்லாமலா? முதலில் 'பவான்'. ஜோடி ஜோடியாக, கிட்டத்தட்ட ஊர்வலம்போல மெதுவாக நடப்பார்கள். அடுத்து 'கேலியார்ட்'. ஆறு தட்டுகளுக்கு ஐந்து அடிகள். நான்கு அடி வைத்து, ஐந்தாவது தட்டில் துள்ளி, ஆறாவதில் தரையில் நிற்க வேண்டும். 50 வயதைத் தாண்டிய பிறகும் எலிசபெத் காலையில் ஆறேழு கேலியார்ட் ஆடினார் என 1589-ல் அரண்மனைப் பிரமுகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நம்மால் ஒன்று ஆட முடியுமா என்பதே சந்தேகம்!

சொந்த ஊர் கைவிட்டாலும் டென்மார்க் கைவிடவில்லை. 1598-ல் மன்னர் நான்காம் கிறிஸ்டியான், ஆண்டுக்கு 500 டாலர் (அந்நாட்டு வெள்ளி நாணயம்) சம்பளத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்த அரண்மனையில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் டௌலண்டும் ஒருவர்.

அங்கே பணியில் இருந்தபோதே, 1604-ல் லண்டனில் 'லாக்ரிமே' புத்தகத்தை வெளியிட்டார். லத்தீனில் 'கண்ணீர்' என்று அர்த்தம். லூட்டுக்கும் ஐந்து வயல்களுக்குமான 21 படைப்புகள். முதல் ஏழும் ஒரே மெட்டிலிருந்து கிளைத்த பவான்கள், ஏழு கண்ணீர்கள். நான்கே சுரங்கள் இறங்கிவரும் அந்தத் தொடக்கம் ஒவ்வொன்றிலும் எட்டிப்பார்க்கிறது. அதே புத்தகத்தில் கேலியார்ட்களும் உண்டு. 1601-ல் தலை வெட்டப்பட்ட எஸ்ஸெக்ஸ் பிரபுவின் பெயரில் ஒன்று. டிகோரி பைப்பர் என்ற கடற்கொள்ளையர் பெயரில் ஒன்று! 'எப்போதும் டௌலண்ட், எப்போதும் துயரம்' என்ற பொருளில் தன் பெயரிலேயே ஒரு பவானும் வைத்தார்.

இதையெல்லாம் இன்று எப்படி வாசிக்கிறார்கள்? 'டாப்லேச்சர்' என்ற குறிப்புமுறைதான் உதவுகிறது. ஆறு கோடுகள், ஆறு நரம்புகள். எந்த மெட்டில் விரல் வைக்க வேண்டும் என்பதைக் கோட்டின் மேல் உள்ள எழுத்து சொல்லிவிடும். கிட்டார் கற்பவர்கள் இன்றும் இதன் உறவுக்கார முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

1606-ல் டென்மார்க் வேலையும் போனது. கடைசியில் 1612-ல், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் லூட் கலைஞர்களில் ஒருவராக லண்டன் அரண்மனைக்குள் நுழைந்தார். 18 ஆண்டுக் காத்திருப்பு. வேடிக்கை என்னவென்றால், அதன்பிறகு அவர் எழுதியது மிகக் குறைவு. 1626-ல் இறந்தார்.

2006-ல் பாப் பாடகர் ஸ்டிங், டௌலண்டின் பாடல்களை ஓர் ஆல்பமாகவே பாடினார். முதன்முறை கேட்பவர்கள் ஒரு கேலியார்டில் தொடங்குங்கள். 'லாக்ரிமே'வை ராத்திரி, வீடு அடங்கிய பிறகு ஹெட்போனில் கேளுங்கள்.