மயக்க ஊசித் துப்பாக்கியும் அரை மீட்டர் பிழையும்

ஆனைமலை அடிவாரத்தின் தென்னந்தோப்புகளிலும் கரும்புக் காடுகளிலும் இறங்கிவிடும் காட்டு யானையைப் பிடிக்கும் பணி குறித்த செய்திகளில் பயிற்சி பெற்ற கும்கி யானைகளின் பெயர்கள் வருகின்றன, மருத்துவக் குழுவின் அளவு வருகிறது, யானையை ஏற்றிச் செல்லும் லாரியின் படம் வருகிறது. ஆனால் அந்தப் பணி முழுவதையும் தொடங்கிவைக்கும் கருவியான மயக்க ஊசித் துப்பாக்கி, அதிலும் முந்தைய நாள் மாலையில் அது கழற்றப்பட்டுத் துடைக்கப்பட்டு மீண்டும் பூட்டப்படும் வேலை, எந்தச் செய்தியிலும் இடம்பெறுவதில்லை. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடிக்கப்பட்டு டாப்சிலிப் அருகே வரகளியாற்றில் விடப்பட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானை, அங்கிருந்து நடந்தே உடுமலை வட்டாரத்துக்கு இறங்கிவந்து, பிப்ரவரியில் மடத்துக்குளம் அருகே மீண்டும் பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அர்த்தநாரிபாளையத்தில் அரிசி ராஜா என்ற யானை பிடிபட்டது. 2023இல் தர்மபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்னா, அதாவது தந்தம் வளராத ஆண் யானை, பிப்ரவரியில் கோவை நகரின் ஓரம்வரை நடந்து சென்று ஒருமுறையும், ஜூலையில் ஆனைமலையை அடுத்த சரளபதியில் மற்றொரு முறையும் பிடிக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றிலும் முதற்படி, மிகக் குறைந்த எடையுள்ள ஓர் ஊசி குழலைவிட்டுச் சரியான வேகத்தில் வெளியேறுவதாகவே இருந்தது.

இந்தக் கருவியின் முன்னோர் வரிசையில் ரிம்பயர் எனப்படும் விளிம்பு வெடித் தோட்டாவுக்கு முக்கிய இடம் உண்டு. பெரும்பாலான தோட்டாக்களில் தீப்பொறி தரும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே தனிக் குப்பியில் இருக்கும். விளிம்பு வெடித் தோட்டாவிலோ மெல்லிய பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளீடற்ற வளையமாக மடிக்கப்பட்டு, அந்த வளையத்துக்குள்ளேயே மருந்து நிரப்பப்படுகிறது. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் அடி ஊசி அவ்விளிம்பைத் தோட்டா அறையின் ஓரத்தோடு சேர்த்து நசுக்க, மருந்து வெடித்து உள்ளிருக்கும் கரிமருந்தைப் பற்றவைக்கிறது. பாரிஸ் நகரத்துத் துப்பாக்கிக் கைவினைஞர் புளோபேர் 1845இல் உருவாக்கிய சிறு தோட்டாவிலிருந்து வளர்ந்த இம்முறை, 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சுழல் துப்பாக்கியிலும், 1887இல் பாயிண்ட் 22 லாங் ரைபிள் தோட்டாவிலும் நிலைபெற்றது. ஒலிம்பிக் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இன்றும் சுடப்படுவது இந்தக் கடைசித் தோட்டாவே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றதும் இதைக் கொண்டே.

ஈயக் குண்டை நீக்கி, வாய் மடிக்கப்பட்ட வெற்றுத் தோட்டாவாக இதை மாற்றினால், அது உண்டாக்கும் வாயு மென்மையான ஓர் ஊசியைத் தள்ளப் போதுமானதாகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில வனவிலங்குத் துறையினர் மான்களைப் பிடிக்க உருவாக்கிய கருவியும், நியூசிலாந்தின் மருந்தாளரும் கால்நடை மருத்துவருமான காலின் மர்டாக் உருவாக்கிய கருவியும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. ஜார்ஜியாவில் முதலில் ஊசிக்குள் நிரப்பப்பட்டது நிகோட்டின் உப்பு என்பது இன்று வியப்பளிக்கக்கூடும். அமெரிக்கக் கருவியின் நீள்தூர மாதிரி பாயிண்ட் 22 வெற்றுத் தோட்டாக்களால் இயங்கியது. தோட்டாவின் வலிமையை அதன் நிறத்தைக் கொண்டு அறியலாம். தமிழகத்தில், முதுமலை, ஆனைமலை முகாம்களின் யானைகளோடு வாழ்நாளைக் கழித்தவரும், ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியே வாசகர்கள் அறிந்தவருமான டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, மயக்க ஊசியால் காட்டு யானைகளைப் பிடிக்கும் முறையை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். இன்று வனக் கால்நடை மருத்துவர்களின் கையில் பெரும்பாலும் காணப்படுவது கரியமில வாயுவால் இயங்கும் வகை. வெடியோசை இல்லாததால் அது மந்தையைக் கலைப்பதில்லை.

இத்துப்பாக்கியில் தூய்மை எவ்வளவு தூரம் பொருள்படும் என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள பாயிண்ட் 22 குண்டு நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் செல்வதால், 40 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும்; அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 7 சென்டிமீட்டர் மட்டுமே கீழிறக்கும். மயக்க ஊசி அவ்வளவு வேகத்தில் சென்றால் தசையைக் கிழித்து எலும்பையே உடைத்துவிடும் என்பதால் அது வேண்டுமென்றே மெதுவாக அனுப்பப்படுகிறது. வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று கொண்டால், அதே 40 மீட்டரைக் கடக்க மூன்றில் இரண்டு பங்கு நொடி ஆகும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் அதற்குள் ஊசி 2.2 மீட்டர் தாழ்ந்துவிடும். மருத்துவர் அந்தத் தாழ்வுக்கு ஏற்பவே உயர்த்திக் குறிவைக்கிறார். இப்போது குழலில் படிந்த கரியினாலோ வாயுவைக் கசியவிடும் ரப்பர் வளையத்தினாலோ வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்து 54 மீட்டராகிவிட்டால், தாழ்வு 2.7 மீட்டராகிறது. இந்த அரை மீட்டர் வித்தியாசத்தில், பின்தொடையின் தடித்த தசைக்குக் குறிவைத்த ஊசி, தோலும் நரம்பும் எலும்புமாக உள்ள காலின் கீழ்ப்பகுதியில் பாய்கிறது. அங்கே மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது, யானையோ குத்துப்பட்ட சினத்துடன் ஓடத் தொடங்கும். வேகம் கூடினாலும் கேடுதான்: 20 கிராம் ஊசி 60 மீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் ஆற்றல் 36 ஜூல், வேகம் 90 மீட்டரானால் அது 81 ஜூலாக இரட்டிப்புக்கும் மேல் போகிறது.

வெற்றுத் தோட்டா வகையைக் கழற்றும்போது முதலில் செய்யவேண்டியது, குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, அறையில் தோட்டாவோ ஊசியோ இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது. இந்த ஒரு விதிக்கு விலக்கே கிடையாது, விளையாட்டுக் கைத்துப்பாக்கிக்கும் இது அப்படியே பொருந்தும். பிறகு, தோட்டாவை அடைக்கும் போல்ட் பகுதியைப் பின்புறமாக உருவி எடுக்க வேண்டும். போல்ட்டின் முகத்திலும், சுட்ட கூட்டை இழுத்து வெளியேற்றும் சிறு கொக்கியின் அடியிலும்தான் அழுக்கு மிகுதியாகத் தேங்குகிறது. அதில் எரிந்தும் எரியாததுமான கரிமருந்து, ஈயச் சேர்மங்கள், பல தோட்டாக்களில் உராய்வுக்காக வெடிமருந்தோடு கலக்கப்படும் கண்ணாடித் தூள் ஆகியவை உள்ளன. அதனால் கையுறையின்றி இவ்வேலையைச் செய்வதும், முடித்தபின் கை கழுவாமல் சாப்பிட உட்காருவதும் தவறு. துடைகம்பியைக் குழலின் பின்வாயிலிருந்தே செலுத்த வேண்டும். முன்வாயின் ஓரம் சிறிது தேய்ந்தாலும், ஊசியைப் பின்னிருந்து தள்ளும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி அதைச் சாய்த்துவிடும்.

பழைய தோட்டாக்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவற்றின் வெடிமருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படியும். சமையல் உப்பின் உறவினமான இந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை ஓரிரு நாளில் துருப்பிடிக்கச் செய்துவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். எனவே எண்ணெய் பூசித் துடைத்தவரின் துப்பாக்கி துருப்பிடிக்க, கொதிநீர் ஊற்றிக் கழுவி உலர்த்தியவரின் துப்பாக்கி பிழைத்தது. 1920களின் இறுதியில் ஈய ஸ்டிப்னேட் கலவைகள் வந்தபின் இத்தொல்லை குறைந்தாலும், தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாற்றின் காற்றில் வெறும் ஈரமே இரும்பைத் தின்னப் போதுமானது. ஆகவே உலர்ந்த குழலுக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் தேவை. அதே எண்ணெய் சுடும் நாளன்று தோட்டா அறையில் தங்கிவிட்டால் தோட்டாவுக்குள் கசிந்து மருந்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதால், காட்டுக்குப் புறப்படுமுன் உலர்துணியால் அதை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

கரியமில வாயு வகையில் கரி இல்லை, துரு குறைவு. அங்கே கவனம் வளையங்களுக்குச் செல்கிறது. குப்பியில் பாதி நீர்மமாக அடைபட்டிருக்கும் அவ்வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு மாறுவது: 30 டிகிரி செல்சியஸில் சுமார் 72 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 72 மடங்கு; 10 டிகிரியில் சுமார் 45 பார். ஆனைமலையின் நண்பகலில் சரிபார்த்த துப்பாக்கி வால்பாறையின் மார்கழி விடியலில் அதேபோல் நடந்துகொள்ளாது என்பதாலேயே இக்கருவிகளில் அழுத்தமானியும் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வும் உள்ளன. இவற்றை இணைக்கும் இடங்களில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் அமர்ந்து, கோவைப் பட்டறைகளில் உருவாகும் பம்புசெட்டின் சீல் நீரைத் தடுப்பதுபோல வாயுவைத் தடுக்கின்றன. உயர் அழுத்தத்தில் கரியமில வாயு ரப்பருக்குள்ளேயே ஊடுருவும். அழுத்தம் சட்டென்று விலகும்போது உள்ளே சிக்கிய வாயு விரிந்து வளையத்தை உப்பச் செய்து, நாளடைவில் வெடிப்புகளை உண்டாக்கும். ஆதலால் வேலை முடிந்ததும் வாயுவை மெதுவாக வெளியேற்றிவிட்டு, வளையங்களைக் கழற்றி ஒளியில் வைத்துப் பார்த்து, சிறு கீறல் தெரிந்தாலும் மாற்றுவதும், ரப்பரின் வகைக்கு ஒத்த சிலிக்கான் கிரீஸை மட்டும் மிகக் குறைவாகப் பூசுவதும் முறை.

எல்லாவற்றிலும் நுட்பமானது துப்பாக்கியல்ல, ஊசியே. அதன் முன்னறையில் மருந்தும் பின்னறையில் அழுத்தப்பட்ட காற்றும் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஓர் உந்துகட்டை நிற்கிறது. மருந்து வெளியேறும் துளைகள் ஊசியின் பக்கவாட்டில் அமைந்து, மெல்லிய சிலிக்கான் உறையால் மூடப்பட்டிருக்கும். சில இடங்களில் 3 சென்டிமீட்டர் வரை தடிமன் கொண்ட யானைத் தோலை ஊசி துளைத்ததும் உறை பின்னுக்கு நகர, துளைகள் திறந்து, காற்று உந்துகட்டையைத் தள்ளி மருந்தைத் தசைக்குள் செலுத்துகிறது. முந்தைய முறை பயன்படுத்திய ஊசியைக் கழுவாமல் வைத்திருந்தால், யானைகளுக்குச் சைலசின் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் கெட்டமின் என்ற மயக்க மருந்து துளைகளில் படிகமாக உறைந்து நிற்கும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கடினமான போர் தண்ணீரில் கழுவினால் சுண்ணாம்புப் படிவு சேரும். ஆகவே காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. துளையில் பாதி அடைபட்டால் பாதி மருந்து இறங்கும். பாதி மருந்து இறங்கிய யானை விழாமலும் தெளியாமலும் தள்ளாடி ஓடி, குட்டையிலோ வாய்க்காலிலோ விழுந்து மூச்சுத் திணறும் நிலைக்கு ஆளாகலாம். மருந்தே இல்லாத யானையைவிடப் பாதி மருந்துள்ள யானை ஆபத்தானது என்பதை இத்துறையில் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

மீண்டும் பூட்டும்போது சோதனையின்றி எதையும் முடித்ததாகக் கொள்ளக்கூடாது. ஊசியில் வெறும் நீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தால் குமிழிகள் கசிவைக் காட்டிவிடும். உறையை விலக்கி எல்லாத் துளைகளிலிருந்தும் நீர் ஒரே சீராகப் பீறிடுகிறதா என்றும் காணலாம். வெற்றுத் தோட்டா வகையின் விசையைச் சோதிக்க, காலி அறையில் அதை இழுக்கக்கூடாது: விளிம்பு வெடி அமைப்பில் நடுவே தோட்டா இல்லையென்றால் அடி ஊசி நேரே அறையின் ஓரத்தில் மோதி அதைப் பள்ளமாக்க, பிறகு தோட்டா சரியாக அமராமலும், அமர்ந்தாலும் வெடிக்காமலும் போகும், சுட்ட கூடு ஒன்றை வைத்துச் சோதிப்பதே சரி. இறுதியாக, இலக்குப் பலகையை அளந்த தொலைவுகளில் நிறுத்தி, காட்டுக்குக் கொண்டுசெல்லப்போகும் ஊசியின் எடைக்கு இணையான ஊசியால் சுட்டு, எந்த அழுத்தத்தில் எங்கே படுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிடிக்கவோ மயக்கவோ இடம்பெயர்க்கவோ முடியாதென்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் கருதினாலன்றி ஒரு விலங்கைக் கொல்ல ஆணையிடக்கூடாதென்கிறது. பிடித்த யானை திரும்பத் திரும்ப ஊருக்கு வருவதை எந்தத் துப்பாக்கியாலும் தீர்க்க இயலாது. ஆனால் மயக்கும் வாய்ப்பு ஏட்டளவில் நின்றுவிடாமல் இருப்பது இக்கருவி பழுதற்று இருப்பதைப் பொறுத்தது. குறி தவறிய ஊசியைத் தேடி எடுப்பதும் கருவியைப் பேணும் பொறுப்பில் அடங்கும். அழுத்தம் ஏற்றிய நிலையில், முழு மருந்துடன், கரும்புத் தோகைக்குள் விழுந்து கிடக்கும் ஊசியை மறுநாள் வெட்டுக்கூலிக்கு வருபவரோ ஆடு மேய்க்கும் சிறுவனோ எடுத்துவிடக்கூடும். யானைகளுக்குப் பயன்படுத்தப்பட்டுள்ள எட்டார்ஃபின் போன்ற மருந்தாயின் சிறு கீறலே மனித உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆகவே நிரப்பிய ஊசிகள் எத்தனை, யானையின் உடலிலிருந்து எடுத்தவை எத்தனை, சுடாமல் திரும்பியவை எத்தனை என்ற கணக்கு பதிவேட்டில் நேராகும்வரை, யானையை ஏற்றிய லாரி புறப்பட்டுப் போயிருந்தாலும், வயலில் தேடும் குழு திரும்பக்கூடாது.