மைதான விளக்கும் மலைச்சரிவு வீடும்

ஊவாவின் மலைச்சரிவுகளில் புதிய ஊர்கள் எழும் காலம் இது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபோதே, பாதுகாப்பான இடத்தில் வீடு வேண்டும் என்ற குரல் நாடெங்கும் கேட்டது. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் இந்திய வீடமைப்புத் திட்டப் பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் கையளிக்கப்பட்டன. அடுத்த மாத இறுதியில் தித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளை மீண்டும் சரித்தது. இடம்பெயர வேண்டிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

ஊர் என்று ஒன்று அமைந்தால் கோவிலும் முன்பள்ளியும் மைதானமும் வேண்டும். பகலெல்லாம் வேலைக்குப் போகும் இளைஞர்கள் அந்தி சாய்ந்த பிறகுதான் கரப்பந்தாட்டமும் மென்பந்து கிரிக்கெட்டும் ஆட முடியும். ஆகவே மைதானத்துக்கு மின்னொளி கேட்கிறார்கள். இது நியாயமான கோரிக்கை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணி செய்யச் சட்டம் வழிவிட்டதே 2018இல்தான். தலைமுறை தலைமுறையாக இருட்டில் படியேறிய மக்களிடம் போய், உங்களுக்கு விளக்கு எதற்கு என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. விளக்கு வரட்டும். அது எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் கம்பம் நடுவதற்கு முன்பே முடிவு செய்வோம்.

சரிவு செய்யும் வேலை

சமவெளியில் மைதான விளக்கு கூசினால், நடுவே ஒரு மதிலோ மர வரிசையோ ஓரளவு மறைக்கும். மலையில் அது நடக்காது. இங்கே மைதானம் என்பது சரிவை வெட்டி எடுத்த ஒரு தட்டு. அதற்கு மேலே ஒரு வீட்டு வரிசை, கீழே இன்னொன்று. கீழ் வரிசைக்காரர் வாசலில் நின்று அண்ணாந்தால் விளக்கின் முகம் நேரே தெரியும். மேல் வரிசையின் சன்னலோ கம்பத்தின் உச்சிக்குச் சமமாக இருக்கும். ஏழு பேர்ச்சஸ் காணியில் நிற்கும் 550 சதுர அடி வீட்டில், வெளிச்சத்துக்கு விலகிப் படுக்க வேறு அறை தேட முடியாது. விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்ணின் தூக்கத்தில்தான் அந்த வெளிச்சம் கை வைக்கிறது.

இரண்டாவது ஆபத்து படிக்கட்டில் இருக்கிறது. கூசும் ஒளி கண்ணில் பட்டால் கண்மணி சுருங்கும். பக்கத்தில் உள்ள இருட்டு மேலும் கறுக்கும். ரியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு மைதானத்தின் ஒவ்வொரு புல்லும் தெரியும், காலடியில் உள்ள ஈரப்படி தெரியாது. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் மாலையில் மூடுபனி இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். பனியின் நீர்த்துளிகள் ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிப்பதால், மைதானத்தைச் சுற்றியுள்ள காற்றே வெள்ளைச் சுவராகிவிடும்.

கணக்கில் இருக்கிறது தீர்வு

கம்பம் உயர்ந்தால் கூச்சமும் கூடும் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. 6 மீற்றர் கம்பத்திலிருந்து 20 மீற்றர் தள்ளியுள்ள ஆடுகள நடுவுக்கு ஒளி போக வேண்டுமானால், விளக்கைச் செங்குத்திலிருந்து சுமார் 73 பாகை நிமிர்த்த வேண்டும். அது ஏறக்குறைய எதிர்வீட்டைப் பார்த்தே நிற்கும். 12 மீற்றர் கம்பத்தில் 59 பாகை போதும். ஒளி தரையை நோக்கும். வீடுகள் கீழே இருந்தால் கம்பங்களைத் தட்டின் கீழ் விளிம்பில் நட்டு, வெட்டிய மண் சுவரைப் பார்க்கத் திருப்பலாம். அப்போது வீடுகளுக்குத் தெரிவது விளக்கின் முதுகு. மேலேயும் வீடுகள் இருந்தால் விளக்குக்கு மறைப்புத் தகடு கட்டாயம்.

அளவும் முக்கியம். ஊர்மட்ட உதைபந்தாட்டத்துக்கு ஐரோப்பிய விளையாட்டு ஒளித் தரம் 75 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) போதும் என்கிறது. சர்வதேச ஒளியியல் ஆணைக்குழுவின் 2017 வழிகாட்டியோ, ஒளி குறைந்த கிராமப் பகுதியில் வீட்டுச் சன்னலில் 5 லக்ஸுக்கு மேல் விழக்கூடாது, இரவு அடங்கும் நேரத்துக்குப் பின் 1 லக்ஸைத் தாண்டக்கூடாது என்கிறது. பௌர்ணமி நிலவு தருவது கால் லக்ஸ் அளவே என்பதை நினைத்தால், இந்த ஒரு லக்ஸின் எடை புரியும். நீலம் கலந்த வெண்ணொளிக்குப் பதில் 3000 கெல்வினுக்கு மிகாத இளமஞ்சள் ஒளியைத் தெரிவு செய்தால் தூக்கத்துக்கும் நல்லது, விட்டில்களுக்கும் நல்லது. மைதானத்துக்கு வெளியே சிதறும் ஒளிக்கும் மின்கட்டணம் ஊர்தான் கட்டுகிறது என்பதையும் விளையாட்டுக் கழகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யார் கேட்பது?

ஒளியைப் போலவே அயலாரைத் தொல்லைப்படுத்தும் சத்தத்துக்கு இலங்கையில் 1996இலேயே அளவு வகுத்து ஒழுங்குவிதி வந்தது. பிரித்தானியா 2005இல் இயற்றிய சட்டத்தில் செயற்கை ஒளியையும் தொல்லைகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே விளையாட்டு இடங்களுக்கு மூடுவிழா நடத்தவில்லை. இயன்ற அளவு தடுப்பு ஏற்பாடுகளைச் செய்திருப்பதாகக் காட்டினால் சட்டம் அவற்றைக் காக்கிறது. நமக்கும் அந்த நடுவழி பொருந்தும்.

புதிய ஊருக்கு மண்சரிவு ஆய்வு கேட்கிறோம், தண்ணீர்க் குழாயின் வழி கேட்கிறோம். அதே மேசையில் ஒளி வரைபடத்தையும் கேட்போம்: கம்பம் எங்கே, உயரம் எவ்வளவு, எந்த வீட்டுச் சன்னலில் எத்தனை லக்ஸ், எத்தனை மணிக்கு அணையும். ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் ஓர் இரவு விளக்குகளை எரியவிட்டு, மேல் வரிசையிலிருந்தும் கீழ் வரிசையிலிருந்தும் பெண்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும். மிஞ்சும் பணத்தில் முதலில் படிக்கட்டுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் தரையைப் பார்க்கும் சிறு விளக்குகளைப் போடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகும் ஊருக்குத் தேவைப்படுவது அந்த வெளிச்சம்தான்.