கட்டினவர் போனாலும் சைட் நிக்கணும்

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு வெப்சைட் போடும்போது "எந்த டூல் புதுசு?"ன்னு கேக்காதீங்க. "இதைக் கட்டினவர் நாளைக்கு விலகிட்டா யார் பாத்துப்பாங்க?"ன்னு கேளுங்க.

வேர்ட்பிரஸ்ல எழுதறது சுலபம். ஆனா பிஎச்பி, டேட்டாபேஸ், பிளகின் எல்லாத்தையும் யாராவது அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்கணும். கவனிக்காம விட்டா ஹேக் ஆகலாம். ஸ்டேட்டிக் சைட்னா சர்வர்ல வெறும் கோப்புகள்தான்; அந்தத் தலைவலி ரொம்பக் குறைவு.

அதுலயும் வித்தியாசம் உண்டு. குபெர்னெட்டிஸ் சைட் 2018ல ஜெக்கில்ல இருந்து ஹியூகோவுக்கு மாறுச்சு. ஜெக்கிலுக்கு ரூபியும் அதோட ஜெம்களும் ஒத்துப்போகணும். ஹியூகோ ஒரே பைனரி. பல மொழி வசதியும் உள்ளேயே இருக்கு.

ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வர்றவர் இன்ஸ்டால் பண்றதுலயே சோர்ந்துட்டா, திரும்ப வரமாட்டார். அதனால முடிவெடுக்கறதுக்கு முன்னாடி, எதுவுமே இன்ஸ்டால் பண்ணாத ஒரு லேப்டாப்ல நீங்களே ஒருமுறை பில்ட் பண்ணிப் பாருங்க.